அம்மாயியின் அரைப்பேரும் ஒரு பூஞ்சையின் மூணு பேரும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, பாதி எழுதி, அப்படியே கிடப்புல போட்ட பதிவு இது. "வண்டு, பூஞ்சை, வகைப்பாடுன்னு ஆரம்பிச்சா எவன் படிப்பான்? பேசாம போன வாரம் மாதிரி ரசம் வச்ச கதையை எழுதுங்க"ன்னு தங்கமணி சொல்லிட்டாங்க. ரசத்துக்கு வந்த கூட்டம் இதுக்கு வராதுதான். பரவாயில்ல, வர்ற நாலு பேருக்காக எழுதறேன் :-)

முதல்ல எங்க அம்மாயி கதை.

அம்மாயி பொறந்து வளர்ந்தது எல்லாம் சிலோன்ல, புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். 1973ல தலைமன்னார்ல கப்பலேறி, மண்டபம் கேம்ப் வழியா நீலகிரிக்கு வந்து சேர்ந்தவங்க. வந்த இடத்துலயும் அதே கூடை, அதே கொழுந்து. தோட்டத்துல ஒரு நாள் வேலைக்குப் 'பேரு'ன்னு சொல்லுவாங்க. தெரியாதவங்களுக்காக ஒரு விளக்கம்: செக்ரோல்ல உங்க பேருக்கு நேரா முழு நாள் போட்டா 'முழுப்பேரு', பாதி நாள் போட்டா 'அரைப்பேரு'. நிறை குறைஞ்சா அரைப்பேரு. நேரம் தப்பிப் போனா அரைப்பேரு. கங்காணிக்கு மூஞ்சி பிடிக்கலேன்னாலும் அரைப்பேருதான்.

அம்மாயி எனக்குச் சொன்ன கதைகள்ல திரும்பத் திரும்ப வந்தது ஒரு அரைப்பேரு கதை. கல்யாணம் ஆன புதுசு. செடிக்கு நடுவுல புகுந்து கொழுந்து எடுத்துட்டுப் போறப்ப ஒரு கொப்பு 'படக்'னு ஒடிஞ்சு கையோட வந்துருச்சு. பச்சைக் கொப்பு, நல்ல தடிமன். கங்காணி ஓடி வந்து கத்தியிருக்காரு. அம்மாயி ஒடிஞ்ச இடத்தைக் காட்டியிருக்காங்க. உள்ள ஒரு சின்ன ஓட்டை, பென்சில் முனையை விட்டுக் குடைஞ்ச மாதிரி. ஓட்டையோட சுவர் கருப்பு பூசினாப்புல. "பூச்சி குடைஞ்சிருக்குங்க"ன்னு சொன்னதுக்கு கங்காணி சொன்ன பதில்தான் எங்க வீட்டுல பழமொழி மாதிரி ஆயிருச்சு: "பூச்சி தின்னது பூச்சி கணக்கு, ஒடிச்சது உன் கணக்கு."

அன்னைக்கு அரைப்பேரு.

அதுக்கப்புறம் அம்மாயி சாகற வரைக்கும் எந்தச் செடியைத் தொட்டாலும் ஒரு மாதிரி பயந்து பயந்துதான் தொடுவாங்க. எங்க அம்மாவுக்குக் கொழுந்து எடுக்கச் சொல்லிக் குடுத்தப்பவும் முதல் பாடம் அதுதானாம். "கொப்பைப் பார்த்துத் தொடு புள்ள." நான் சின்ன வயசுல கொய்யா மரத்துல தொங்கினாலும் அதே வசனம். தன் கைதான் முரட்டுக் கைன்னு அவங்களுக்கு ஒரு எண்ணம் விழுந்துருச்சு. நாங்களும் கேலி பண்ணியிருக்கோம். இப்ப நினைச்சா கூசுது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சில வருசம் முன்னாடி ஒரு ராத்திரி தூக்கம் வராம, கலிபோர்னியாவுல அவகாடோ மரங்கள் ஒரு வண்டால சாகறதைப் பத்திப் படிச்சுட்டு இருந்தேன். பொட்டி தட்டறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. அந்த வண்டோட பூர்வீகம் தேடிப் போனா, 1868ல ஐக்காஃப்ங்கற ஜெர்மன்காரர் அதுக்குப் பேரு வச்சிருக்காரு. மாதிரி கிடைச்ச இடம்: சிலோன். தேயிலைக்காரங்க பாஷையில 'ஷாட் ஹோல் போரர்'. துப்பாக்கி ரவை பாஞ்ச மாதிரி ஓட்டை போடறதால அந்தப் பேரு. தண்டு பலம் இழந்து, கொழுந்து எடுக்கிறவங்க உரசிட்டுப் போனாலே ஒடிஞ்சுரும்னு எழுதியிருந்துச்சு.

எழுந்து உக்காந்துட்டேன்.

அந்த ஓட்டைக்குள்ள என்ன நடக்குதுங்கறதுதான் அதைவிடப் பெரிய ஆச்சரியம். அந்த வண்டு மரத்தைத் திங்கறதே இல்ல! மரத்துல சத்து ரொம்பக் கம்மி. பொம்பளை வண்டு ரெண்டரை மில்லிமீட்டர் இருக்கும். வாய்ப்பக்கம் ரெண்டு சின்னப் பை. அதுக்குள்ள பூஞ்சை விதைகளை வச்சுக்கிட்டுப் பறந்து வந்து, தண்டைக் குடைஞ்சு, சுவர்ல அந்தப் பூஞ்சையை விதைக்குது. பூஞ்சை மரத்துல இருந்து சத்தை உறிஞ்சி வளருது. அம்மாவும் குஞ்சுகளும் பூஞ்சையைத் திங்குது. கூட்டுப்புழு ஆகறதுக்குத் தேவையான எர்கோஸ்டெரால்ங்கற பொருளும் பூஞ்சையில இருந்துதான் கிடைக்குதுன்னு இதே வகை வண்டுகள்ல கண்டுபிடிச்சிருக்காங்க. ஆம்பளை வண்டுக்குப் பறக்கவே தெரியாது. குடைஞ்ச வீட்டுக்குள்ளயே பொறந்து, அக்கா தங்கச்சியோடவே சேர்ந்து, அங்கயே செத்துப் போகும். ஆக, அம்மாயி கையில ஒடிஞ்சு வந்தது ஒரு விவசாயியோட வீடு. கருப்பு பூசினாப்புல இருந்ததா அவங்க சொன்னது விளைஞ்சு முடிஞ்ச வயலா இருக்கணும்.

இந்த வயலுக்கு ஒரு அழகான பேரு உண்டு. 1836ல ஆஸ்திரியாக்காரர் ஷ்மிட்பெர்கர் வண்டோட வளைக்குள்ள வெள்ளையா ஏதோ பூசியிருக்கறதைப் பார்த்துட்டு, மரச்சாறுல இருந்து வண்டு தயாரிக்கிற சாப்பாடுன்னு நினைச்சு 'அம்புரோசியா'ன்னு பேரு வச்சார். கிரேக்க தேவர்களோட சாப்பாடு அது. நம்ம ஊர் கணக்குல அமுதம்னு வச்சுக்குங்களேன். 1844ல ஹார்ட்டிக்தான் இது பூஞ்சைன்னு கண்டுபிடிச்சு 'மோனிலியா கேண்டிடா'ன்னு முறையா ஒரு பேரு குடுத்தார். அமுதம்ங்கற பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. இன்னிக்கும் இவை அம்புரோசியா வண்டுகள், அம்புரோசியா பூஞ்சைகள்தான். பூஞ்சையைச் சுமக்கிற பைக்கு 'மைகாஞ்சியம்'னு பேரு வச்சவர் லேக் பாத்ரா, 1963ல. 1967ல இந்தப் பூஞ்சைகளோட மொத்த வகைப்பாட்டையும் திருத்தி எழுதினவரும் அவர்தான்.

இங்கதான் சிக்கல் ஆரம்பிக்குது. ஒரு பூஞ்சையை எந்தக் குடும்பத்துல சேர்க்கறதுன்னு எப்படி முடிவு பண்ணுவாங்க? அந்தக் காலத்துல உருவத்தை வச்சுத்தான். அதுலயும் முக்கியமா, ஆண் பெண் கூடி உண்டாகற வித்துகளோட அமைப்பை வச்சு. வண்டு வளர்க்கிற பூஞ்சைகள்ல பெரும்பாலானதுக்கு அந்தக் கட்டத்தையே யாரும் பார்த்ததில்ல. தேவையும் இல்லையே, சுமந்துட்டுப் போய் விதைக்கத்தான் ஆள் இருக்கே! மிச்சம் இருக்கற உருவமும் ஏமாத்தும். வளைக்குள்ள திராட்சைக் கொத்து மாதிரி, வண்டு மேயறதுக்கு வாகா, உருண்டு திரண்டு நிக்கும். அதையே ஆய்வுக்கூடத்துல தட்டுல வளர்த்தா வேற முகம்.

பூஞ்சை வளர்க்கிற பழக்கம் வண்டுகள்ல ஒரே தடவை வந்ததில்ல. குறைஞ்சது பத்துத் தடவையாவது தனித்தனியா வந்திருக்கு. வேற வேற வண்டு வேற வேற பூஞ்சையைப் பிடிச்சு வேலைக்கு வச்சிருக்கு. வேலை ஒண்ணுங்கறதால பூஞ்சைகளும் பார்க்க ஒண்ணு போல ஆயிருச்சு.

இதை எனக்குப் புரிய வச்சது புத்தகம் இல்ல, எங்க வீட்டுல இருக்கற ஒரு பழைய போட்டோ. தோட்டத்துல எடுத்தது. இருபது பொம்பளைங்க, இடுப்புல படங்கு, தலையில கூடைக் கயிறு, முதுகைக் காட்டிட்டு நிக்கறாங்க. இதுல அம்மாயி யாருன்னு அம்மாவுக்கே சொல்லத் தெரியல. ஒருத்தி திருச்சிப் பக்கத்துப் பரம்பரை, ஒருத்தி சேலம், ஒருத்தி புதுக்கோட்டை. படங்கைக் கட்டிக் கூடையை மாட்டிட்டா பின்னாடி இருந்து எல்லாரும் ஒருத்திதான். இந்த இருபது பேரையும் ஒரே குடும்பம்னு ஒருத்தர் எழுதி வச்சா எப்படி இருக்கும்? அம்புரோசியா பூஞ்சைகளுக்கு நடந்தது அதுதான்.

1960கள்ல 'அம்புரோசியெல்லா', 'ரஃபேலியா'ன்னு ரெண்டு பேரினம் உண்டாக்கி, வண்டுகிட்ட கிடைச்ச பூஞ்சைகளை அதுல போட்டாங்க. 1996ல கேசரும் பிளாக்வெல்லும் டிஎன்ஏ பார்த்தா, அம்புரோசியெல்லாங்கற ஒரே கூடைக்குள்ள ரெண்டு வேற வேற வரிசைப் பூஞ்சைகள் இருக்கு. ஒண்ணு மைக்ரோஅஸ்கேல்ஸ், இன்னொண்ணு ஒஃபியோஸ்டொமட்டேல்ஸ். அப்புறம் 2010ல ஹாரிங்டனும் கூட்டாளிகளும் பல இனங்களை ரஃபேலியாவுக்கு மாத்தினாங்க. தேயிலை வண்டோட பூஞ்சை இந்த ரெண்டுலயும் சேராது, அது ஹைப்போகிரியேல்ஸ். 2016ல 'ஃபிளவோடான் அம்புரோசியஸ்'னு ஒண்ணுக்குப் பேரு வச்சாங்க, அது இன்னும் தூரத்து உறவு. பட்ட மரத்துல தட்டு மாதிரி முளைக்குமே காளான், அந்த வம்சம்!

இனி நம்ம தேயிலைப் பூஞ்சை. 1947ல தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து கேட், லூஸ்னு ரெண்டு பேர் இதை விவரிச்சு 'மோனக்ரோஸ்போரியம் அம்புரோசியம்'னு பேரு வச்சாங்க. பின்னாடி நூற்புழுவைக் கண்ணி வச்சுப் பிடிக்கிற பூஞ்சைகள் நிறைய வந்து சேர்ந்த பேரினம் அது. அதோட இதுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது. பியூசேரியம் பூஞ்சைன்னா வித்து படகு மாதிரி, பிறை மாதிரி வளைஞ்சிருக்கணும். இதோட வித்து ஒரு பக்கம் உப்பி, கதாயுதம் மாதிரி இருக்கு. வண்டுக்குத் தீனியாகறதுக்கு வாகா அப்படி ஆகியிருக்கலாம்னு பின்னாடி வந்தவங்க சொல்றாங்க. அது பியூசேரியம்தான்னு 1990ல இடம் மாத்தினவங்க ரெண்டு பேர். ஒருத்தர் ஜெர்மனியோட நிரென்பெர்க். இன்னொருத்தர் நம்ம நாட்டு அக்னிஹோத்ருடு. ரெண்டாவது பேரு: 'பியூசேரியம் அம்புரோசியம்'.

கதை முடிஞ்சதுன்னு நினைச்சீங்கன்னா, இல்ல. பூஞ்சைகளுக்கு ஒரு கூத்து உண்டு. கூடிப் பெருகற கட்டத்துக்கு ஒரு பேரு, கூடாமப் பெருகற கட்டத்துக்கு இன்னொரு பேருன்னு ஒரே உயிருக்கு ரெண்டு பேரு வச்சுக்கலாம்னு விதியே இருந்துச்சு. 2011ல மெல்போர்ன்ல கூடின மாநாட்டுல அதை ஒழிச்சாங்க. ஒரு பூஞ்சைக்கு ஒரு பேரு. நல்ல விசயம்தான், ஆனா எந்தப் பேரு? பியூசேரியத்துல இந்தப் பூஞ்சை இருக்கற கிளையைத் தனியாப் பிரிச்சு 'நியோகாஸ்மோஸ்போரா'ன்னு வைக்கணும்னு ஒரு கட்சி. அந்தக் கணக்குல மூணாவது பேரு: 'நியோகாஸ்மோஸ்போரா அம்புரோசியா'. வேண்டாம், பயிர் நோய் பார்க்கிறவங்க நூறு வருசமா பியூசேரியம்னுதான் சொல்றாங்க, எல்லாம் ஒரே கிளைதான்னு இன்னொரு கட்சி. 2021ல நூத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மாதிரி ஒரு கட்டுரை, 19 மரபணுக்களை வச்சு. அதே வருசம் எதிர்க்கட்சியோட பதிலும் வந்துருச்சு. நம்ம கும்மியெல்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி.

பேருல என்ன இருக்கு, பூஞ்சை பூஞ்சையாத்தானே இருக்கப் போகுதுன்னு தங்கமணி கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் கலிபோர்னியாவுல இருக்கு.

2003ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு வண்டைப் பிடிச்சு, தேயிலை வண்டுதான்னு அடையாளம் எழுதி வச்சாங்க. தேயிலை இல்லாத ஊருக்குத் தேயிலை வண்டு வந்தா யாருக்கு என்ன? 2012ல அங்க ஒரு வீட்டுத் தோட்டத்து அவகாடோ மரம் காஞ்சப்பத்தான் அந்த வண்டும் அது சுமக்கிற பூஞ்சையும் சேர்ந்து மரத்தைக் கொல்லுதுன்னு தெரிஞ்சுது. இஸ்ரேல்ல 2009லயே இதே வண்டு அவகாடோவுல. பூஞ்சையை நோண்டிப் பார்த்தா தேயிலைப் பூஞ்சைக்குச் சொந்தம், ஆனா வேற இனம். 2013ல 'பியூசேரியம் யூவாலேசியே'ன்னு பேரு. பூஞ்சை வேறன்னா வண்டும் வேறயா இருக்குமோ? டிஎன்ஏ பார்த்தா ஆமா. பார்வைக்கு ஒண்ணு போல இருக்கற இனங்கள் ஒரு பேருக்குள்ள ஒளிஞ்சிருந்திருக்கு. 2017ல தென்னாப்பிரிக்காவுல பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவுல கண்டுபிடிச்சதும் இந்த அவகாடோக் கூட்டணியைத்தான்.

உச்சக்கட்டம் 2019. ஐக்காஃப் 1868ல வச்ச பேருக்குச் சொந்தமான மூல மாதிரி தொலைஞ்சு போச்சுன்னு எல்லாரும் நினைச்சுட்டு இருந்தாங்க. அது கிடைச்சுருச்சு! அளந்து பார்த்தா, அந்தப் பழைய பேரு அவகாடோவைக் கொல்ற வண்டுக்குத்தான் பொருந்துது. நூறு வருசத்துக்கு மேல அந்தப் பேரைச் சுமந்துட்டு இருந்த தேயிலை வண்டுக்கு அந்தப் பேரே இல்ல. அது 'யூவாலேசியா பெர்பிரெவிஸ்'னு முடிவாச்சு. கூடவே தேயிலையில 'ஃபோர்னிகேஷியர்'னு இன்னொரு நெருங்கின இனமும் உண்டு. யோசிச்சுப் பாருங்க, அம்மாயி தலைமுறை முழுக்க, மருந்தடிச்சது, ஆராய்ச்சி பண்ணினது, அறிக்கை எழுதினது எல்லாமே இன்னொருத்தர் பேருக்கு.

மருந்துன்னதும் ஞாபகம் வருது. 1950, 60கள்ல இந்த வண்டுக்கு டீல்ட்ரின் அடிச்சாங்க. சுருட்டுப் புழுவை அடக்கி வைக்கறதுக்காக 1930கள்ல ஜாவாவுல இருந்து கொண்டு வந்து விட்டிருந்த குளவியும் அந்த மருந்துல செத்துப் போயி, சுருட்டுப் புழு பெருகிருச்சு. "மருந்தடிச்ச வருசம் கொழுந்தெல்லாம் சுருண்டு போயி நிறையே நிக்கல"ன்னு அம்மாயி சொன்னது எனக்கு அப்பப் புரியல. நிறை நிக்கலேன்னா என்னன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். அரைப்பேரு.

இந்த வகைப்பாட்டுச் சண்டையைப் படிக்கப் படிக்க என்னால அம்மாயியை நினைக்காம இருக்க முடியல. 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எந்த நாட்டுக்காரியும் இல்லேன்னு ஆக்குச்சு. 1964ல சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம். அங்க இருந்தவரைக்கும் இந்தியாக்காரி. இங்க வந்து இறங்கின நாள்ல இருந்து சிலோன்காரி. அவங்க என்னவோ ரெண்டு இடத்துலயும் ஒரே கூடையோடதான் நின்னாங்க. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லணும். பூஞ்சையோட பேரு தப்புன்னு தெரிஞ்சா நூறு பேர் உக்காந்து சண்டை போட்டு, மூல மாதிரியைத் தேடிப் பிடிச்சுத் திருத்தறாங்க. அம்மாயியோட அந்த அரைப்பேரைத் திருத்த யாரும் வரல.

அம்மாயி 2004ல போய்ச் சேர்ந்துட்டாங்க. இதெல்லாம் நான் படிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி. படிச்ச மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினேன். வண்டு, வாய்ப்பை, பூஞ்சை, சிலோன், கலிபோர்னியா எல்லாம். அம்மா பொறுமையாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"அப்ப அந்தக் கொப்பு ஏற்கனவே ஒடிஞ்சதுதானா?"

"ஆமாம்மா. யாரு தொட்டிருந்தாலும் ஒடிஞ்சிருக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இதை அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்"னாங்க. சொல்லியிருக்கலாம்தான்.

பி.கு. 1: அம்மாயி அந்த வண்டுக்கு எந்தப் பேரும் சொன்னதா ஞாபகம் இல்ல. 'ஓட்டைக் கொப்பு'ன்னு கொப்பைத்தான் சொல்லுவாங்க. உங்க வீட்டுல தோட்டத்துல வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா, அவங்க இதுக்கு என்ன பேரு வச்சிருந்தாங்கன்னு கேட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க. லத்தீன் பேரு போதும் போதும்னு ஆயிருச்சு :-)

பி.கு. 2: அடுத்த பதிவு ரசம்தான். தங்கமணி உத்தரவு.